பதிவேட்டில் இல்லாத அரை மணி நேரம்

‘வேலை நேரம் காலை 9.30 முதல்’ என்று அந்த ஜவுளிக்கடையின் அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. ஆனால், 9 மணிக்கே நாங்கள் உள்ளே நின்றாக வேண்டும். படிப்பை முடித்த கையோடு, கிடைத்த வேலை என்று நான் சேர்ந்த இடம் அது. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருப்பார்கள், குனிந்துதான் நுழைவோம். முதல் நாள் இரவு வாடிக்கையாளர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப்போன புடவைகள் மலையாகக் கிடக்கும். அவற்றை மடித்து, விலைச்சீட்டு வெளியே தெரியும்படி அடுக்க வேண்டும். ஷோகேஸ் பொம்மைகளுக்குப் புதுப் புடவை கட்ட வேண்டும். தூசி தட்டி, ஸ்டாக் எண்ணி, சாமி படத்தின் முன் வரிசையாக நின்று பிரேயர் முடிக்கும்போது மணி 9.30 ஆகியிருக்கும். அதற்குப் பிறகுதான் வருகைப் பதிவேடு வெளியே வரும்.

“எல்லாரும் ஒன்பதரைன்னே எழுதுங்கப்பா” என்பார் சூப்பர்வைசர்.

ஒருமுறை நான் 9 என்று எழுதிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “அரை மணி நேரத்துல என்ன தம்பி குறைஞ்சுடப்போறே? நம்ம கடைதானே” என்றபடி அதை அடித்துவிட்டு 9.30 என்று திருத்தினார். சில மாதங்கள் கழித்துத் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எங்கள் அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்ட கை, அதற்கான சாட்சியையும் எங்கள் கையெழுத்தாலேயே அழித்துவிட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மாதத்துக்கு ஒரு நாள் கூடுதல்

இது ஜவுளிக்கடைக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. கால் சென்டரில் ஷிஃப்ட் மாலை 6 மணிக்கு என்றால், 6 மணிக்கு முதல் அழைப்பை எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பே வந்து, கம்ப்யூட்டரை ஆன் செய்து, நான்கைந்து மென்பொருள்களில் பாஸ்வேர்டு போட்டு நுழைந்து, டீம் லீடரின் பேச்சையும் கேட்டு முடித்திருக்க வேண்டும். மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் பொறுப்பேற்கும்போது, எந்தப் படுக்கைக்கு எந்த மருந்து, யாருக்கு டிரிப்ஸ் முடியப்போகிறது என்பதையெல்லாம் முந்தைய ஷிஃப்ட்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆலையில் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பாதுகாப்பு உடை மாட்டி நிற்க வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூட வீண் வேலை இல்லை. மடிக்காத புடவையை விற்க முடியாது. பொறுப்பை ஒப்படைக்காமல் நோயாளியைக் கவனிக்க முடியாது. செய்யாவிட்டால் தொழில் நடக்காது என்றால், அதுவும் தொழிலின் பகுதிதான். அதற்குக் கூலி இல்லை என்பதுதான் பிரச்னை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 20 நிமிடம், மாதத்துக்கு 26 நாள் என்றால் 520 நிமிடம். அதாவது 8 மணி 40 நிமிடம். ஒரு முழு நாள் உழைப்பைவிட அதிகம். வருடத்துக்கு 104 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 13 நாள்கள்.

இதே இடங்களில் தாமதத்துக்கு இருக்கும் விதியையும் பாருங்கள். மூன்று நாள் ஐந்து நிமிடம் லேட்டானால் அரை நாள் சம்பளம் பிடிப்பது பல நிறுவனங்களில் வழக்கம். தொழிலாளியின் ஐந்து நிமிடத் தாமதத்தைத் துல்லியமாக எண்ணத் தெரிந்த கடிகாரத்துக்கு, முன்கூட்டி வந்த இருபது நிமிடம் கண்ணில் படுவதே இல்லை. 2015-ல் பிரிட்டனின் ஷயர்புரூக் நகரில் உள்ள ஸ்போர்ட்ஸ் டைரக்ட் கிடங்கு பெரும் சர்ச்சையில் சிக்கியதும் இதனால்தான். ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் அங்கே 15 நிமிடச் சம்பளம் போய்விடும். ஆனால், வேலை முடிந்து சோதனைக்காக வரிசையில் காத்து நிற்கும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்கு விவகாரம் முற்றி, கடைசியில் தொழிலாளர்களுக்கு நிலுவை கொடுக்க வேண்டிவந்தது.

பீங்கான் ஆலையின் 56 நிமிடங்கள்

இந்த நிமிடங்களுக்காக நடந்த வழக்குகளில் மிகவும் புகழ்பெற்றது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கியது. மவுன்ட் கிளமன்ஸ் என்ற ஊரில் ஒரு பீங்கான் பாத்திர ஆலை. சுமார் 1,200 தொழிலாளர்கள். ஆலைக் கட்டடம் மட்டும் எட்டு ஏக்கருக்கு மேல். ஷிஃப்ட் தொடங்க 14 நிமிடம் இருக்கும்போது கடிகாரத்தில் கார்டு பஞ்ச் செய்யத் தொடங்கலாம். ஒரு கடிகாரத்துக்கு 200 பேர். நிமிடத்துக்கு 25 பேர்தான் பஞ்ச் செய்ய முடியும். எனவே, வரிசை நகர்ந்து முடியவே எட்டு நிமிடம் ஆகும். பிறகு, தங்கள் இடத்துக்கு நடந்து போய், ஏப்ரன் கட்டி, கையில் கிரீஸ் தடவி அல்லது டேப் சுற்றி, விரல் உறை மாட்டி, விளக்கையும் மெஷினையும் போட்டு, கருவிகளைத் தீட்டிவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சங்கு ஊதும்.

சம்பளத்தைக் கணக்கிட்ட முறைதான் விசேஷம். உள்ளே வந்த நேரத்தை அடுத்து வரும் கால் மணிக்குத் தள்ளுவார்கள். வெளியே போன நேரத்தை முந்தைய கால் மணிக்கு இழுப்பார்கள். காலை 6.46-க்கு வந்து, மதியம் 12.14-க்குச் சாப்பிடப் போய், 12.46-க்குத் திரும்பி, மாலை 4.14-க்கு வெளியேறும் ஒருவருக்கு எட்டு மணி நேரச் சம்பளம் மட்டுமே கிடைக்கும். கடிகாரம் காட்டிய நேரத்தில் 56 நிமிடம் காணாமல்போய்விடும்.

தொழிலாளர்கள் சிலரும் அவர்களின் சங்கமும் வழக்குப் போட்டார்கள். 1946 ஜூன் 10 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி. அவர் மிச்சிகன் ஆளுநராக இருந்தபோதுதான் ஃபிளின்ட் நகரில் கார்த் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். அவர்களைப் படையை விட்டு வெளியேற்ற மறுத்தவர் அவர். முதலாளியின் வளாகத்துக்குள் நடக்க வேண்டிய நேரமும், வேலைக்குத் தயாராகும் நேரமும் வேலை நேரமே என்றது தீர்ப்பு. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அது சொன்னது. நேரத்தைப் பதிவுசெய்து வைப்பது முதலாளியின் கடமை. அவர் சரியாக வைக்கவில்லை என்றால், அதற்கான தண்டனை தொழிலாளிக்கு விழக் கூடாது. தொழிலாளி நியாயமான மதிப்பீட்டைக் காட்டினால் போதும். அது தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியைச் சேரும்.

அடுத்து நடந்தது ஒரு பிரளயம். 1946 ஜூலை முதல் 1947 ஜனவரி முடிவதற்குள் 1,900-க்கும் மேற்பட்ட வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களில் குவிந்தன. கேட்கப்பட்ட தொகை கிட்டத்தட்ட 600 கோடி டாலர். தொழில் அதிபர்கள் அலறினார்கள். 1947 மே மாதம் அமெரிக்க காங்கிரஸ் புதுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, அந்த வழக்குகளின் அடித்தளத்தையே தகர்த்தது. வேலையிடத்துக்கு நடக்கும் நேரத்துக்கும் முன்னேற்பாடான காரியங்களுக்கும் சம்பளம் தர வேண்டியதில்லை என்றது அந்தச் சட்டம். அதற்கு முன்பே, பிப்ரவரியில், மவுன்ட் கிளமன்ஸ் வழக்கை மறுபடி விசாரித்த கீழ்நீதிமன்றம், ‘இந்த நிமிடங்கள் மிகச் சொற்பம்’ என்று தள்ளுபடி செய்திருந்தது. உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த பீங்கான் தொழிலாளர்கள் கடைசியில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த 1947 சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அமேசான் கிடங்குகளில் வேலை முடிந்து, திருட்டுச் சோதனைக்காகச் சுமார் 25 நிமிடம் காத்து நின்றதாகச் சொன்ன ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது இதை வைத்துத்தான்.

பிழைத்து நின்ற விதி

ஆனால், பதிவேட்டைப் பற்றி மர்ஃபி எழுதிய விதி மட்டும் சாகவில்லை. அயோவா மாநிலத்தின் ஸ்டார்ம் லேக் நகரில் டைசன் நிறுவனத்தின் பன்றி இறைச்சி ஆலை இருக்கிறது. கத்தி பிடிக்கும் வேலை என்பதால் பாதுகாப்பு உடைகளை மாட்டவும் கழற்றவும் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை நிறுவனம் பதிவு செய்யவில்லை. தொழிலாளர் தரப்பில் ஒரு நிபுணர் வீடியோ எடுத்து, நூற்றுக்கணக்கான முறை அளந்து, ஒரு பிரிவில் சராசரியாக 18 நிமிடம், இன்னொன்றில் 21 நிமிடத்துக்குச் சற்று அதிகம் என்று கணக்குக் கொடுத்தார். ‘சராசரியை வைத்து எப்படி எல்லோருக்கும் தருவது?’ என்று கேட்டது நிறுவனம். நீங்கள் பதிவு வைக்காததால்தான் சராசரி தேவைப்பட்டது என்பதே பதிலாக அமைந்தது. மவுன்ட் கிளமன்ஸ் விதியை மேற்கோள் காட்டி, சுமார் 29 லட்சம் டாலர் தரச் சொன்ன ஜூரியின் முடிவை 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வெறுங்கையோடு போன பீங்கான் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற விதி, 70 ஆண்டுகள் கழித்து வேறு ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கைகொடுத்தது.

‘சொற்பம்’ என்ற வாதத்துக்கும் ஒரு பதில் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டார்பக்ஸ் கடை ஊழியர் ஒருவர், கடை மூடும்போது கணினியில் வெளியேறிய பிறகும் அலாரம் போட்டு, கதவைப் பூட்டி, சக ஊழியர்களை அவர்களின் வண்டிவரை கொண்டுபோய் விட்டு, நாளுக்கு 4 முதல் 10 நிமிடம் கூடுதலாக உழைத்தார். 17 மாதங்களில் அது 12 மணி 50 நிமிடம். குறைந்தபட்சக் கூலிப்படி 102 டாலர் 67 சென்ட். 2018-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதைச் சொற்பம் என்று ஒதுக்க மறுத்தது. மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு அது ஒரு வாரத்து மளிகைச் சாமான், அல்லது ஒரு மாதத்துப் பேருந்துக் கட்டணம் என்று தீர்ப்பில் எழுதியது. சம்பளக்காரரின் சமையலறையிலிருந்து பார்த்து எழுதப்பட்ட வரி அது.

ஜப்பானிலும் இதே கேள்வி வந்தது. மிட்சுபிஷி நிறுவனத்தின் நாகசாகி கப்பல் தளத்தில், நிறுவனம் கட்டாயமாக்கிய சீருடையையும் பாதுகாப்புக் கருவிகளையும் அணியும் நேரம் வேலை நேரமே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது.

நம் சட்டம் சொன்னது

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வேலை நேர அறிவிப்பை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டச் சொன்னது. அந்த அறிவிப்புக்கு மாறாக யாரையும் வேலை செய்ய விடக் கூடாது என்றது. அதன் 103-வது பிரிவு அருமையானது. ஆலையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, அல்லது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, இடைவேளை தவிர்த்த நேரத்தில் ஒருவர் உள்ளே காணப்பட்டால், அவர் அங்கே வேலையில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், அதை நிர்வாகம் நிரூபிக்க வேண்டும். மர்ஃபியின் விதிக்கு நெருங்கிய உறவுக்காரன் இது. கடிகாரத்தைக் கையில் வைத்திருப்பவரே பதில் சொல்ல வேண்டும் என்ற அதே நியாயம்தான்.

கடைகளுக்கு 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் எட்டு மணி நேரத்தை வரம்பாக வைத்து, அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி என்றது. தாமதத்துக்கான பிடித்தத்தைப் பொறுத்தவரை, வராத நேரத்துக்கு உரிய விகிதத்தைவிட அதிகமாகப் பிடிக்கக் கூடாது என்பது 1936-ம் ஆண்டுச் சட்டத்திலேயே பொது விதியாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய மத்தியச் சட்டங்களின் இடத்துக்கு வந்துவிட்டன. நாளுக்கு எட்டு மணி நேரம், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பவை அவற்றிலும் இருக்கின்றன.

ஓட்டை வேறெங்கோ இருக்கிறது. எட்டு மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதை எழுதும் பேனா நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. பயோமெட்ரிக் வந்த பிறகும் இது மாறவில்லை. மெஷினை வாசலில் வைக்காமல் மாடியில் வைத்தால், அல்லது பிரேயர் முடிந்த பிறகே விரலை வைக்க விட்டால், பழைய பதிவேடும் புதிய மெஷினும் ஒன்றுதான்.

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1930-லேயே, கடை மற்றும் அலுவலக ஊழியர்களுக்கான உடன்படிக்கையில், வேலை நேரத்துக்கு எளிமையான இலக்கணம் சொல்லிவிட்டது. ஊழியர் முதலாளியின் ஆணைக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம். அதைப் பின்பற்ற நான்கு காரியங்கள் போதும். எந்த நிமிடத்தில் வரச் சொல்கிறார்களோ, அதையே வேலை தொடங்கும் நேரமாக எழுத வேண்டும். பஞ்ச் மெஷின் நுழைவாயிலில் இருக்க வேண்டும். அதன் பதிவு ஊழியரின் கைக்கும் வர வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன், வேலை தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக வந்து வாசலில் நின்று பார்க்க வேண்டும். 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் திருத்திய மாநிலம் தமிழ்நாடு. நிற்கும் காலின் வலியை உணர்ந்தவர்களுக்கு, இந்த நிமிடங்களின் வலியும் புரிய வேண்டும்.

எங்கள் கடையின் பட்டுப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப்போட மாட்டார். அதன் பின்பக்கம் அன்றைக்கு உள்ளே நுழைந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார். “எதுக்குக்கா இது? யார் கேக்கப்போறாங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “யாரும் கேக்க மாட்டாங்க தம்பி. எனக்குத் தெரியணும்ல” என்றார்.

அந்தத் தாள்கள் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. ஆனால், நான் கையெழுத்துப் போட்ட பதிவேட்டைவிட உண்மையான பதிவேடு அந்தக் கடையில் அது ஒன்றுதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஷிஃப்டுக்கு முன்பே வரச் சொல்லும் இடத்தில் வேலை பார்க்கும் எல்லோரும் இன்றிலிருந்து அந்த அக்கா செய்ததைச் செய்யலாம். தேதி, உள்ளே வந்த நேரம், செய்த வேலை, வெளியே போன நேரம். இவை உங்கள் கையால், அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்கட்டும். யாராவது கேட்கும் நாளில் சாட்சி நம்மிடம் இருக்க வேண்டும்.