நொச்சி வீடு மாறிய கதை

சளி பிடித்தால் வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்க நாம் தேடும் இலை நொச்சி. தாவரவியலில் அதன் பெயர் வைடெக்ஸ் நெகுண்டோ. 1753-இல் லின்னேயஸ் வைத்தது. நெடுங்காலம் இதை உன்னிச்செடியோடு சேர்த்து வெர்பினேசியே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். காரணம், பூவுக்குள் இருக்கும் சூல்தண்டு. புதினா குடும்பத்தைச் சேர்ந்த துளசி, தும்பைப் பூக்களில் அது நான்காகப் பிளவுபட்ட சூற்பையின் நடுவே, அடியிலிருந்து எழும்பும். நொச்சியிலோ சூற்பையின் உச்சியிலிருந்து கிளம்பும். முக்கியமாக இதை வைத்தே இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் வேலி போட்டிருந்தார்கள்.

1990-களில் செடிகளின் அமைப்பை மறுபடி அலசி, மரபணுவையும் ஒப்பிட்டபோது, வேலி தவறான இடத்தில் இருப்பது தெரிந்தது. நொச்சி, புதினா குடும்பமான லேமியேசியேவுக்கு வந்து சேர்ந்தது. கூடவே தேக்கும் குமிழ மரமும் வந்தன. துவையல் அரைக்கிற புதினாவுக்குத் தேக்கு மரம் சொந்தம் என்றால் யார் நம்புவார்கள்! உன்னிச்செடி இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கிறது.

நொச்சியின் இளங்கொம்பை விரலால் உருட்டிப் பாருங்கள், துளசித் தண்டைப் போலவே நான்கு பட்டையாக இருக்கும். அந்தச் சின்ன ஊதாப் பூவும் உதடு பிரிந்தாற்போல்தான் விரிகிறது.