கம்ப்யூட்டர் புத்தகம்: கனத்தைப் பார்த்து வாங்கலாமா?

போர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுக்கும் குடும்பமானாலும், மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மண்டிக் கணக்கெழுதும் குமாஸ்தாவின் வீடானாலும், பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கத் தொடங்கிவிட்டால் மாதச் செலவில் புதிய இனம் ஒன்று சேர்ந்துவிடுகிறது. அது புத்தகச் செலவு. காக்கநாட்டில் இன்போபார்க் 2004-ல் தொடங்கியதிலிருந்து, படகேறி எர்ணாகுளம் போய் அங்கிருந்து காக்கநாடு போனால் உத்தியோகம் உண்டு என்ற நம்பிக்கை பல வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. மகன் சீட்டில் எழுதித் தருகிறான். தந்தை பணம் தருகிறார். வாங்கி வருவது சரக்கா, சக்கையா என்பது இருவருக்கும் தெரிவதில்லை.

மிளகு மூட்டையை யாரும் வெளித்தோற்றத்தைப் பார்த்து எடுப்பதில்லை. குத்தூசி போட்டு உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்கள். புத்தகத்துக்கும் அப்படிப்பட்ட குத்தூசி உண்டு. அதற்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது அட்டையை அல்ல. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை. பதிப்பு வேறு, மறு அச்சு வேறு. 'மறு அச்சு 2023' என்று போட்டிருக்கும் புத்தகத்தின் பதிப்பு 1990-களைச் சேர்ந்ததாக இருக்கலாம். காகிதம்தான் புதிது, சரக்கு பழையது. பழையது என்பதாலேயே தள்ளிவிடவும் கூடாது. ஸி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து எழுதிய நூல் 1978-ல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1988-ல். அதற்குப் பிறகு பதிப்பு இல்லை, ஆனாலும் இன்றும் படிக்கிறார்கள். அந்நூல் முந்நூறு பக்கம்கூட இல்லை என்பதை, ஆயிரம் பக்கத் தலையணைகளைக் கண்டு மயங்குகிறவர்கள் நினைவில் வைக்கலாம்.

இரண்டாவது குத்தூசி, புத்தகத்தின் முதல் புரோகிராம். ஸி மொழிப் புத்தகத்தில் அது 'வாய்ட் மெயின்' என்று தொடங்கி, திரையைத் துடைக்க 'கிளியர்ஸ்கிரீன்' கட்டளையும் போட்டிருந்தால், அது பெரும்பாலும் டர்போ ஸி என்ற கம்பைலருக்காக எழுதப்பட்டது. போர்லண்ட் நிறுவனம் 1987-ல் வெளியிட்ட சாதனம் அது. மொழியின் தர விதிப்படி தொடக்கம் 'இன்ட் மெயின்' என்றே இருக்க வேண்டும். திரையைத் துடைக்கும் அந்தக் கட்டளை மொழியிலேயே கிடையாது. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் டர்போ ஸி நெடுங்காலம் நீடித்ததால், அதன் பழக்கங்களே மொழி என்று எண்ணி வெளியே வந்த மாணவர்கள் ஏராளம்.

இது வெறும் எழுத்துப் பிழை விவகாரம் அல்ல. டர்போ ஸி-யில் சாதாரண முழு எண் ஒன்றுக்குள் அடங்கும் மிகப் பெரிய தொகை 32,767. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் விடை கழித்தல் 32,768 என்று வரும். மண்டிக் கணக்கு எழுதுகிறவருக்கு இதன் விபரீதத்தை விளக்க வேண்டியதில்லை: வரவு ஒரே நொடியில் பற்றாகிவிடுகிறது! இன்றைய கம்ப்யூட்டர்களில் அதே முழு எண் இருநூறு கோடியைத் தாண்டியும் தாங்கும். பழைய புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு, முழு எண்ணின் அளவு இரண்டு பைட் என்று நேர்முகத் தேர்வில் அடித்துச் சொல்லும் பையனின் நிலைமை பரிதாபம்தான்.

ஒரே வரியில் ஒரே எண்ணை இரண்டு முறை மாற்றிவிட்டு 'விடை என்ன?' என்று கேட்கும் பயிற்சிகளும் சில புத்தகங்களில் உண்டு. அவற்றுக்கு விடையே இல்லை என்பதுதான் ஸி மொழியின் விதி. பின்பக்கத்தில் விடை அச்சிட்டிருக்கும் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம்.

பைத்தான் மொழிக்குச் சோதனை இன்னும் எளிது. 2008 டிசம்பரில் அம்மொழியின் மூன்றாம் வடிவம் வந்தது. இரண்டாம் வடிவத்துக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. புதிய வடிவத்தில் 'பிரின்ட்' என்ற சொல்லை அடுத்து அடைப்புக்குறி கட்டாயம். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். அடைப்புக்குறி இல்லையேல் புத்தகத்தின் காலம் முடிந்துவிட்டது.

அதிகம் விற்பது நல்ல புத்தகம் என்பதும் சரியல்ல. ஹெர்பர்ட் ஷில்ட் என்ற அமெரிக்கர் எழுதிய புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றவை, படிக்க எளிமையானவை. அவர் ஸி மொழியின் தர விதிகளை இடப் பக்கத்திலும் தம் உரையை வலப் பக்கத்திலுமாக 1990-ல் வெளியிட்டார். விதி நூலைத் தனியாக வாங்குவதைவிட இது மலிவு. அந்த உரையைப் பக்கம் பக்கமாகச் சோதித்து, பிழைகளைப் பட்டியலிட்டார் கிளைவ் ஃபெதர் என்ற ஆங்கிலேய நிபுணர். விலை குறைந்திருப்பது உரையின் மதிப்பைக் கழித்ததனால்தான் என்று ஒரு கேலியும் அப்போது கிளம்பிற்று.

இதற்கு நேர் எதிர் டொனால்ட் கனூத். 1968-ல் தொடங்கிய தம் நூல் வரிசையில் புதிதாகப் பிழை கண்டு எழுதுகிறவருக்கு 2 டாலர் 56 சென்ட் செக் அனுப்பி வந்தார். 256 என்பதைப் பதினாறின் கணக்கில் எழுதினால் 100 வரும். அதுதான் அந்தத் தொகையின் ரகசியம். செக்கைப் பணமாக்காமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் பலர். 2008 முதல் செக்குக்குப் பதில், இல்லாத வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் தருகிறார். ஆகவே, பிழைதிருத்தப் பட்டியல் வைத்திருக்கும் புத்தகத்தைக் கண்டு தயங்க வேண்டாம். பட்டியலே இல்லாததுதான் சந்தேகத்துக்குரியது.

'இருபத்தொரு நாளில்' போன்ற தலைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீட்டர் நார்விக் என்ற நிபுணர் 2001-லேயே, பத்து ஆண்டில் கற்பது எப்படி என்று பதில் கட்டுரை எழுதிவிட்டார்.

விலை என்று வரும்போது ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் ராஜாராமனை மறக்க முடியாது. இந்திய மாணவரின் பையறிந்து மலிவுப் பதிப்புகளாக அவர் எழுதிய பாடநூல்கள் தலைமுறைகளை வளர்த்தன. தமிழிலும் வழி உண்டு. 2012-ல் தொடங்கிய கணியம் இதழ் வழியாக, து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' போன்ற நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் தடுக்கும் இடத்தில் இவை கைகொடுக்கும். ஆனால் உத்தியோகத்தில் திரையில் தெரிவது ஆங்கிலச் சொல்தான் என்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதே புத்தி.

கல்லூரி குறித்துக் கொடுத்த புத்தகம் பழையதாயிருந்தால் என்ன செய்வது? பரீட்சைக்கு அதைப் படித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அதைச் சீனியர் மாணவரிடம் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தை உத்தியோகத்துக்கு உதவும் புத்தகத்தில் போடலாம். அதையும் வாங்குமுன் 1870-ல் தொடங்கிய எர்ணாகுளம் பொது நூலகம் போன்ற இடங்களில் கிடைக்கிறதா என்று பார்த்து, ஓர் அத்தியாயத்தையாவது படித்து, அதிலுள்ள புரோகிராமை அப்படியே தட்டி ஓட்டிப் பார்க்கட்டும். ஓடவில்லை என்றால் ரசீது போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.