பழமொழிக்குப் பரீட்சை – 7: கார்த்திகைக்குப் பின் மழை இல்லையா?

2023-ஆம் ஆண்டு மார்கழி முதல் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆங்கிலக் கணக்கில் டிசம்பர் 17. அன்று காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் காலை எட்டரை மணிவரை தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். பக்கத்தில் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. காயல்பட்டினத்தில் அந்த ஒரே நாளில் கொட்டியது, மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியவில்லை. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே மாட்டிக்கொண்டார்கள்.

கார்த்திகை முடிந்து ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று அடித்துச் சொல்கிறது பழமொழி. கர்ணன் பாதியை மகாபாரதக்காரர்களிடம் விட்டுவிடலாம். மழைப் பாதியைச் சோதிக்க மழைமானி இருக்கிறது.

2023 ஏதோ விதிவிலக்கு என்றும் தள்ளிவிட முடியாது. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்தது; அதுவும் மார்கழிதான். பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது அந்த இரவில்தான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30-ஆம் தேதி. பண்ருட்டிப் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் காய்த்து வந்த பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. 2021-இல் வடகிழக்குப் பருவமழை விடைபெற்றதாக வானிலை ஆய்வு மையம் அறிவித்தபோது தேதி ஜனவரி 19. பொங்கல் பானை இறக்கி ஐந்து நாள் ஆகியிருந்தது.

அப்படியானால் பழமொழி பொய்யா? அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுத முடியவில்லை.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அதில் பெரும்பங்கு அக்டோபரிலும் நவம்பரிலும் முடிந்துவிடும். மாநிலச் சராசரியில் டிசம்பருக்கு மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அதிலும் முதல் பாதி கார்த்திகையின் கணக்கில் சேரும். தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிச் சென்னையை மூழ்கடித்த 2015 டிசம்பர் மழைகூட நடுக் கார்த்திகையில் பெய்ததுதான். ஆக, நூறு ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மார்கழி பிறக்கும்போது மழைக்காலம் வடியத் தொடங்கிவிடுகிறது என்பது நிஜம். 'குறையும்' என்று சொல்ல வேண்டியதை 'இல்லை' என்று சொல்லிவிட்டது பழமொழி.

எங்கே குறைகிறது என்பதுதான் சுவாரஸ்யம். சூரியன் தெற்கே போகப் போக, மழையைக் கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியும் கூடவே தெற்கே இறங்குகிறது. அக்டோபரில் ஆந்திரக் கரையை நோக்கிப் போன சுழற்சிகள், டிசம்பரில் இலங்கையையும் குமரிக் கடலையும் நோக்கித் திரும்புகின்றன. தருமபுரி, சேலம், கோவை போன்ற உள்மாவட்டங்களில் மானாவாரிக் காட்டை நம்பியவருக்குக் கார்த்திகையோடு வானம் கடையைக் கட்டிவிடும். அவர் வாயில் இந்தப் பழமொழி பொருந்தும். நாகப்பட்டினத்துக்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் அதை நம்பிக் குடையை மடித்துவைத்தால் நனைய வேண்டியதுதான். பாக் நீரிணையைத் தாண்டினால் கதை தலைகீழ். மட்டக்களப்பில் ஆண்டிலேயே அதிக மழை டிசம்பரில்தான். 2011 ஜனவரியில், மார்கழிக் கடைசியில், இலங்கையின் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல்.

மார்கழி மழையை நம் முன்னோர் அறியாமலும் இல்லை. கிராமங்களில் 'கர்ப்போட்டம்' பார்ப்பார்கள். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் பதினான்கு நாட்களில் மேகம் ஓடுவதைக் கவனித்து அடுத்த ஆண்டு மழையைக் கணிப்பது வழக்கம். மேகம் ஓடலாம், லேசாகத் தூறலாம். கனத்துப் பெய்தால் கரு கலைந்துவிடும் என்பார்கள். அந்தக் கணிப்பு பலிக்குமா என்பது வேறு விசாரணை. ஆனால் கலையும் என்று பயந்தவர்கள், மார்கழியில் கனமழை பெய்து பார்த்தவர்களாகத்தானே இருக்க வேண்டும்?

டெல்டாவில் இது வயிற்றுப்பாட்டு விஷயம். சம்பா அறுவடை தையில் சூடு பிடிக்கும். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், தை பாதி தாண்டிய பிறகு, வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளில் கதிர் முற்றி அரிவாளுக்குக் காத்திருந்த பயிர் படுத்துவிட்டது. படுத்த கதிர் தண்ணீரில் கிடந்தால் நெல் வயலிலேயே முளைவிடும். அறுத்து வைத்தவர்களுக்கு வேறு பாடு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கைப்பிடி நெல்லை எடுத்து ஈரப்பதக் கருவியில் போட்டதும், அது காட்டும் எண்ணைத்தான் மொத்தக் குவியலின் சொந்தக்காரரும் பார்த்துக்கொண்டு நிற்பார். தாண்டினால் மறுபடி தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்க வேண்டும். தூறினால் ஓடிவந்து தார்ப்பாய் போட வேண்டும். அந்த முறை வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதியது. சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணமும் அறிவித்தது.

இத்தனை முறை பொய்த்தும் இந்தப் பழமொழி ஏன் சாகவில்லை? மோனைதான் அதற்குக் காவல் என்று தோன்றுகிறது. கார்த்திகைக்குக் கர்ணன் கிடைத்தான். ஐப்பசிக்கு அடைமழை, கார்த்திகைக்குக் கனமழை, ஆடிக்கு அம்மி. மார்கழிக்கு வாகான வள்ளல் யாரும் கிடைக்கவில்லை போலும். இது வெறும் கேலி இல்லை. அமெரிக்காவின் லஃபாயெட் கல்லூரியைச் சேர்ந்த மேத்யூ மெக்லோன், ஜெசிகா தொஃபிக்பக்ஷ் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிகம் கேள்விப்படாத ஆங்கிலப் பழமொழிகளை எடுத்து, சிலருக்கு இயைபோடும் சிலருக்கு அதே பொருளில் இயைபை உடைத்தும் கொடுத்து, எவ்வளவு உண்மை என்று மதிப்பிடச் சொன்னார்கள். இயைபோடு இருந்தவற்றுக்கே உண்மை மதிப்பெண் கூடுதலாக விழுந்தது. சொல்லழகை ஒதுக்கிவிட்டுப் பொருளை மட்டும் பாருங்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தபோது அந்தச் சலுகை குறைந்தது.

காதுக்கு இனிப்பதெல்லாம் பொய் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. "கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" என்ற பழமொழியும் சந்தத்துக்காகவே செய்ததுபோல இருக்கிறது. நிலாவைச் சுற்றிய வட்டம் சிறியதாக இருந்தால் மழை தூரத்தில், பெரியதாக இருந்தால் பக்கத்தில். இதற்கு இயற்பியலில் ஆதாரம் உண்டு. இரண்டும் ஒரே வட்டம் பெரிதாகியும் சிறிதாகியும் தெரிவதல்ல. இரண்டு வேறு சங்கதிகள். நிலாவை ஒட்டி வண்ணம் கலந்து தெரியும் சின்ன வட்டம், மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. பெரிய வட்டமோ ஆறு கிலோமீட்டருக்கும் மேலே, பனிப்படிகங்களால் ஆன மேகத்தில் ஒளி வளைவதால் வருவது. அதன் ஆரம் எப்போதும் 22 பாகை. கையை நீட்டி, விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாமேல் வைத்தால், சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய அந்த வட்டத்தைத் தொடும். எந்த ஊரில் நின்று அளந்தாலும் அதே சாண்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பனிமேகம் பல நேரம் வங்கக் கடலில் சுழலும் தாழ்வு மண்டலத்தின் உச்சியிலிருந்து பிரிந்து வருவது. சுழற்சி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே அதன் விளிம்பு நம் தலைக்குமேல் வந்துவிடும். அந்த மாதங்களில் எட்ட வட்டத்தைப் பார்த்துவிட்டு வற்றலை உள்ளே எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். சித்திரையில் அதே வட்டம் தெரிந்தால் நம்பிக்கை வேண்டாம். எங்கோ இடித்து ஓய்ந்த கோடை மேகத்தின் மிச்சமாகவும் இருக்கும்.

அந்தியில் ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம் என்பதில் மட்டும் முன்பின் குழம்பியிருக்கிறது. சிறகு முளைத்த ஈசல்கள் புற்றுக்குள் தயாராகக் காத்திருக்கும். பெய்த மழையில் மண் இளகியதும்தான் பெரும்பாலும் வெளியே பறக்கும். அவை அறிவிப்பது நேற்றைய மழையை. மழைக்காலத்தில் நேற்று பெய்தது நாளையும் பெய்யும் என்பதால் ஈசலுக்கு ஜோசியர் பட்டம் கிடைத்துவிட்டது. விளக்கு வைத்துப் பிடித்து, சிறகு புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்றவர்களுக்கு இந்த விசாரணையெல்லாம் தேவைப்படவில்லை.

ஆடிக்காற்றில் அம்மி பறக்குமா என்று பார்க்க அடுத்த வாரம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போகலாம். அங்கே காற்றை யூனிட் கணக்கில் அளந்து விற்கிறார்கள்.

(தொடரும்)