காலி டப்பாவுக்குள் மிச்சம் இருப்பது

ஜப்பானின் சப்போரோ நகரில் 2018 டிசம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி வாக்கில் ஒரு கட்டடம் வெடித்துச் சிதறியது. வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் அலுவலகம் ஒன்றும் அதையொட்டி ஓர் உணவு விடுதியும் அங்கே இருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். யாரும் குண்டு வைக்கவில்லை. தேங்கிக் கிடந்த நாற்றநீக்கி ஸ்பிரே டப்பாக்களைக் கழித்துக்கட்ட நினைத்த அலுவலக ஊழியர்கள், சுமார் 120 டப்பாக்களை அறைக்குள்ளேயே பீய்ச்சித் தீர்த்திருக்கிறார்கள். பிறகு கை கழுவ வெந்நீர்க் கருவியை இயக்கினார்கள். அந்த நெருப்பு போதுமானதாக இருந்தது.

இதைக் கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. குப்பைக்குப் போகும் டப்பா காலியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் செய்யக்கூடிய காரியம்தான் அது. அந்த டப்பாவின் இயல்பை வேலைக்குச் சேரும் யாருக்கும் நாம் சொல்லித் தருவதில்லை.

ஸ்பிரே டப்பாவில் இருப்பவை இரண்டு. ஒன்று நமக்கு வேண்டிய பொருள்: பெயின்ட், துரு நீக்கி, கொசு மருந்து, வாசனைத் திரவம். இன்னொன்று அதை வெளியே தள்ளும் உந்துவாயு. ஒரு காலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் குளோரோஃபுளோரோகார்பன்கள் செய்தன. அவை தீப்பற்றாது. ஆனால் அவை ஓசோன் படலத்தை அரிக்கக்கூடும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தார்கள். 1987-இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன், டைமெத்தில் ஈதர் ஆகியவை பிடித்தன. முதல் இரண்டும் நம் அடுப்பங்கரை சிலிண்டரில் இருப்பவையேதான். மூக்கைத் துளைக்கும் அந்தக் கசிவு வாடை மட்டும் இவற்றில் இருக்காது. மாற்றம் சரியானதே, ஓசோனுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அதற்கேற்பக் கழிவைக் கையாளும் பழக்கம் பல இடங்களில் மாறவில்லை.

டப்பாவுக்குள் இந்த வாயு அழுத்தத்தால் திரவமாகி நிற்கிறது. நாம் பீய்ச்சப் பீய்ச்ச, திரவத்தில் கொஞ்சம் ஆவியாகி, போன இடத்தை நிரப்பிவிடும். அதனால் கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை உள்ளே அழுத்தம் ஏறக்குறைய குறையாமலே இருக்கும். கையில் எடை இல்லையே என்று நம்பி ஏமாறுவது இங்கேதான். மூக்கு அடைத்துக்கொண்ட டப்பாவும் பீய்ச்சாது. சாய்த்துப் பிடித்துப் பயன்படுத்தியதால் வாயு மட்டும் வெளியேறிய டப்பாவும் பீய்ச்சாது. முதலாவதில் அழுத்தம் முழுசாக இருக்கும், இரண்டாவதில் ரசாயனம் மிஞ்சியிருக்கும். இரண்டுமே காலி டப்பா என்ற பெயரில்தான் கூடைக்குள் விழுகின்றன.

வெப்பம் ஏறினால் கதை இன்னும் மோசம். 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் இந்த வாயுக்களின் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. கத்திரி வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் 50 டிகிரி சாதாரணம். டப்பாவைத் திருப்பி அடியைப் பாருங்கள், உள்நோக்கிக் குழிந்திருக்கும். அழுத்தம் அளவு மீறினால் முதலில் அந்தக் குழிவு வெளியே புடைத்துக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அடி புடைத்த டப்பாவை யாரும் தொடக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு டப்பாவில் 100 கிராம் பியூட்டேன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே வந்தால் அது 40 லிட்டருக்கு மேற்பட்ட வாயு. காற்றில் பியூட்டேன் 1.8 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஆக, இரண்டு கன மீட்டருக்கும் அதிகமான காற்றை, அதாவது ஒரு சிறிய கழிவறை அளவு இடத்தை, அந்த ஒரே டப்பா வெடிக்கத் தயாராக்கிவிடும். பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனமானது என்பதால் தரையோடு படர்ந்து, மூலையில் தேங்கும்.

டப்பாவைக் காலி செய்ய ஆணியை வைத்துச் சுத்தியலால் ஓட்டை போடுவது, அறைக்குள் பீய்ச்சித் தீர்ப்பதைவிட ஆபத்து. வாயு வெளிவரும் அதே இடத்தில், அதே நொடியில் பொறி பறக்கலாம். டப்பாவைத் துளைப்பதற்கென்றே கருவி உண்டு. சுமார் 200 லிட்டர் இரும்பு டிரம்மின் வாயில் அதைத் திருகிப் பொருத்துவார்கள். டப்பாவைத் தலைகீழாக உள்ளே வைத்து, மூடியைப் பூட்டி, கைப்பிடியை அழுத்தினால் பொறி பறக்காத உலோக ஊசி அதைத் துளைக்கும். மிச்சத் திரவம் டிரம்முக்குள் வடியும். வாயு இன்னொரு வாயிலில் உள்ள கரி வடிகட்டி வழியாக வெளியேறும். நிலைமின்சாரப் பொறி எழாமலிருக்க டிரம்மிலிருந்து ஒரு கம்பி தரைக்குப் போகும். வடிகட்டி ரசாயன ஆவியைப் பிடிக்குமே தவிர, உந்துவாயு முழுவதையும் பிடித்துவைக்காது. ஆகவே காற்றோட்டமான இடத்தில், பயிற்சி பெற்றவர்தான் இதைச் செய்ய வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019 டிசம்பரில் ஸ்பிரே டப்பாக்களைத் தனிக் கழிவு வகையில் சேர்த்தபோது, துளைப்பதற்கு இத்தகைய பிரத்யேகக் கருவியைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டில் 2016-இன் அபாயக் கழிவு விதிகள், அபாய ரசாயனம் ஒட்டிய காலிக் கலன்களையும் தொழிற்சாலைக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அவற்றை அனுமதி பெற்ற நிறுவனத்திடம்தான் தர வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. ஆனால் ஒரு சிறு மெக்கானிக் ஷெட்டிலோ அலுவலகத்திலோ மாதம் நாலைந்து டப்பா விழுந்தால், அது சாதாரணக் குப்பையோடுதான் போகிறது. விளைவைச் சந்திப்பவர் வாங்கியவர் அல்ல. குப்பையை அமுக்கும் லாரியில் நிற்பவர், காயலான் கடையில் தகரத்தை நசுக்குபவர், குப்பைக் கிடங்கில் புகைமூட்டத்துக்கிடையே பொறுக்குபவர் ஆகியோர்தான் சந்திக்கிறார்கள். இது எனக்குப் பொறுக்க முடியாத அநியாயமாகத் தெரிகிறது.

செய்யக்கூடியது எளிது. வேலையிடத்தில் இதற்கென மூடியுள்ள உலோகத் தொட்டி ஒன்றை, வெயிலும் நெருப்பும் அண்டாத இடத்தில் வையுங்கள். மூக்கு அடைத்தது, பாதியில் நின்றது எல்லாவற்றையும் அதில் மட்டும் போடச் சொல்லுங்கள். அழுத்தம் முழுதும் போன, உள்ளே எதுவும் மிஞ்சாத டப்பா மறுசுழற்சிக்கு நல்ல சரக்கு. காந்தம் ஒட்டினால் தகரம், ஒட்டாவிட்டால் அலுமினியம். அலுமினியத்தை மறுபடி உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 95 சதவீதம் மிச்சம்.

டப்பா சேருவதையே குறைக்கவும் வழி இருக்கிறது. பிரேக் கிளீனர், எண்ணெய் போன்றவற்றைப் பெரிய கேனில் வாங்கி, கம்ப்ரஸர் காற்றை அடைத்து மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்ளும் உலோகக் குடுவைகளைப் பல பட்டறைகள் பயன்படுத்துகின்றன. கம்ப்ரஸர் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அந்தக் குடுவை வாங்கும் செலவு மட்டும்தான்.