மழைக்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

2023 டிசம்பர் முதல் வாரத்தை எண்ணூரில் உள்ள எங்கள் மீனவ ஊரான நெட்டுக்குப்பம் மறக்காது. மிக்ஜாம் புயல் கொட்டிய மழை வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. ஃபைபர் படகு, வலை, வீட்டுச் சுவர் என்று கைவைத்த இடமெல்லாம் கறுப்புப் பிசுக்கு. 2017 ஜனவரியில் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளினோம். ஏழு வருடம் நெருங்கியும், மறுபடி வாளியும் குவளையும்தான் கையில் இருந்தன.

இப்போது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு பம்புகளும் ஸ்பிரேயர்களும் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டன. கரண்ட் இல்லாத நாளில் வீட்டுக்குள் நின்ற தண்ணீரை இறைக்கவும், படகைக் கழுவவும் இவை உதவும். ஆனால் பல மாதம் மூலையில் கிடந்த பம்பை மழை நாளில் எடுத்து சுவிட்சைப் போட்டால், ஒருதரம் முனகிவிட்டு நின்றுவிடும். பெரும்பாலும் பம்பில் குறை இருக்காது. பேட்டரி செத்திருக்கும்.

பேட்டரி ஏன் சாகிறது?

ஈய-அமில பேட்டரி சும்மா கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் இறங்கும். இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் உள்ளே தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படியும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது நிற்காது. உப்புக்காற்று வேறு டெர்மினலை அரிக்கும். வெள்ளையும் பச்சையுமாக மாவு போல் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூப்பு மின்சாரத்தை வழியிலேயே தடுத்துவிடும். முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு பேட்டரியைக் கெடுக்கும்.

மாதம் ஒரு சோதனை

முழுதாகச் சார்ஜ் போட்டு, கழற்றி, சில மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் போடவேண்டும். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. பம்பை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 12.6 காட்டியது மளமளவென்று 10.5-க்குக் கீழே சரிந்தால் உள்ளே ஒரு செல் போயிருக்கலாம்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வாளி போதும். பம்பு புதிதாக இருக்கும்போது ஒரு வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, தேதியோடு பேட்டரியின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவையுங்கள். மாதாமாதம் அதே வாளி, அதே சோதனை. நேரம் கூடிக்கொண்டே போனால் முதலில் வடிகட்டியில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் பேட்டரி தளர்ந்துகொண்டிருக்கலாம்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அதனால் குழந்தைகள் தூங்கும் அறையிலும், அடுப்பு பக்கத்திலும் சார்ஜ் போடவேண்டாம். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியையும், உப்பிப்போன லித்தியம் பேட்டரியையும் சார்ஜரில் மாட்டவே கூடாது. கடல்நீர் அமிலத்துக்குள் புகுந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரலாம். அமிலம் கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரில் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் சாதாரணப் பம்பை இறக்காதீர்கள். மோட்டார் பொறி எண்ணெய் ஆவியில் பட்டால் தீப்பிடிக்கும். அந்த எண்ணெயை அள்ளுவது மீனவர் கடமையும் அல்ல. சிந்தியவர்கள் உரிய கருவியும் கையுறையும் முகக்கவசமும் கொண்டு வந்து அகற்றவேண்டும்.

உங்கள் உரிமை

பில்லும், தேதியும் முத்திரையும் உள்ள வாரண்டி கார்டும் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்குள் பேட்டரி போனால், "தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தன் படகுக்கு பேட்டரி வாங்கும் மீனவரும் நுகர்வோர்தான்.

முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் மனு கொடுக்கவேண்டும். உங்கள் வாளிச் சோதனைக் குறிப்பையும் பேட்டரியின் படத்தையும் கூடவே வையுங்கள்.

எண்ணெய்க் கசிவில் படகும் வலையும் கெட்டால் அதற்கு வழி வேறு. 2023 கசிவுக்குப் பின் தமிழக அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. நிவாரணத்தோடு உரிமை முடிந்துவிடாது. 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின்படி சொத்து இழப்புக்கு இழப்பீடு கேட்டு 5 வருடத்துக்குள் மனு செய்யலாம். அதற்குச் சேதத்தின் படமும் பில்லும்தான் சாட்சி.

பழைய பேட்டரி

2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. அதைக் குப்பையில் போடாமல் தனியே ஒப்படைப்பது நம் பொறுப்பு. புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக் கேளுங்கள். நாலு காசு கூடக் கிடைக்கிறதே என்று காயலான் கடைக்குப் போட்டால், அங்கே அதை உடைத்து ஈயம் உருக்கும் புகை யாரோ ஒரு பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். இரத்தத்தில் எவ்வளவு குறைவாக ஈயம் இருந்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பம்பை வெளியே எடுங்கள். ஒரு வாளி நிரப்பி, ஆன நேரத்தைப் பழைய எண்ணுக்குக் கீழே எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பம்பையும் அப்படியே சோதித்துக் கொடுங்கள். தண்ணீர் ஏறும் இரவில் இரண்டு வீட்டுக்கும் அது ஓடவேண்டும்.