ஆனையிறவும் பனாமாவும்



'இறத்தல்' என்றால் சாதல் என்றே இன்று பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் அச்சொல்லுக்குக் கடத்தல் என்ற பொருளும் உண்டு. சங்கத் தலைவன் சுரம் இறந்தான் என்றால், பொருள் தேடிப் பாலை வழியைக் கடந்து போனான் என்பதே கருத்து. இறந்த காலம் என இலக்கணம் சொல்வதும் கடந்துபோன காலத்தையே. நமது ஆனையிறவிலும் அப்பழம்பொருளே நிற்கிறது; யானை கடக்கும் இடம். யானை செத்த இடம் என்று வகுப்பில் ஒரு மாணவன் எழுதினான். அவனைக் கோபிக்க மனம் வரவில்லை.

வன்னியிற் பிடித்த யானைகளை இங்குள்ள ஆழமற்ற கடல்நீரேரி வழியே நடத்திவந்து, ஊர்காவற்றுறையில் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தருக்கு இது பெருவணிகம். காவலுக்கு அங்கே கோட்டையும் கட்டினர்.

குடாநாட்டையும் வன்னியையும் இணைக்கும் இத்தகைய ஒடுங்கிய நிலத்தைப் பூசந்தி என்கிறோம். உலகிற் பெரும் புகழ் பெற்ற பூசந்தி பனாமா. வட, தென் அமெரிக்கக் கண்டங்களை இணைக்கும் வெப்பமண்டல நிலம் அது. மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். கடலடியிலிருந்து மெல்ல எழுந்து, சுமார் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முழுமையாக இணைந்தது என்பது புவியியலாளர் பலரின் கணிப்பு. உடனே போக்குவரத்துத் தொடங்கிற்று. அர்மடில்லோ வடக்கே போனது. பூமாவும் லாமாவின் மூதாதையும் தெற்கே வந்தன. யானைக்கு உறவான, இன்று அற்றுப்போன, கொம்போதியர் என்ற பெருவிலங்கும் தெற்கே இறந்தது. அதுவும் ஓர் ஆனையிறவுதான்!

மனிதர் பின்னர் வந்தனர். பெரு நாட்டு வெள்ளியை ஸ்பானியர் கோவேறு கழுதைகளில் இவ்வழியே சுமந்தனர். நம் தோட்டத்து மிளகாயும் பப்பாசியும் மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து நிலங்களுக்கு உரியவை என்பதையும் இவ்விடத்தில் நினைக்கலாம். விலங்குக்கு வழியான அந்நிலம், இரு சமுத்திரங்களுக்கும் அடைப்பாயிற்று. அதை வெட்டி 1914இல் கால்வாய் திறந்தனர்.

அடைப்பு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். 1990இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பின்னர் கிளாலிக் கடலை இரவிற் படகேறி இறந்தோம். சிறுவனாக நானும் போனேன். அக்கடலில் அச்சொல்லின் இன்றைய பொருளில் இறந்தவர்களும் உண்டு.

2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. சிங்களத்தில் இவ்விடம் அலிமங்கட, ஆங்கிலத்தில் எலிபன்ட் பாஸ். மூன்று மொழியிலும் யானை நடந்துகொண்டேதான் இருக்கிறது. அம்மாணவனுக்கு அடுத்த நாள் இதைத்தான் சொன்னேன்.