ரிக் வண்டிக்கு எந்த டயர்?



திருச்செங்கோட்டுக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது அர்த்தநாரீசுவரர் மலை. அடுத்துக் கண்ணில் படுவது ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு போடும் எந்திரத்தை முதுகில் சுமந்து நிற்கும் லாரி அது. இங்கிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்குச் சென்று போர் போடுகின்றன. கூடச் செல்லும் ஆட்களுக்கு மாதக்கணக்கில் வண்டிதான் வீடு.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "சார், எங்கப்பா பழைய ரிக் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். டயரில் பட்டன் தேயவே இல்லை. ஆனால் டயர் கடைக்காரர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். பத்து டயருக்கு லட்சக்கணக்கில் ஆகுமே! அவர் ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. விடை சொல்லும் முன், டயர் எப்படிச் சுமை தாங்குகிறது என்று பார்ப்போமா?

சுமப்பது யார்?

காற்று இல்லாத லாரி டயர் வண்டியின் எடையில் நசுங்கிவிடும். ஆகவே சுமையின் பெரும் பங்கைத் தாங்குவது ரப்பர் அன்று. உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. டயர் என்பது அந்தக் காற்றை அடைத்து வைக்கும் உறுதியான பாத்திரம். ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்தபோது பயன்பட்டதும் இதே தத்துவம்தான்.

ஒரு டயர் 3,000 கிலோ சுமப்பதாகக் கொள்வோம். பஞ்சர் கடைக்காரர் அதில் 120 பவுண்டு காற்று அடிக்கிறார். ஒரு சதுர அங்குலத்தில் 120 பவுண்டு என்பது, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 8.4 கிலோவுக்குச் சமம். 3,000ஐ 8.4ஆல் வகுத்தால் சுமார் 357 சதுர சென்டிமீட்டர். அதாவது, அவ்வளவு எடையும் பக்கத்துக்கு 19 செ.மீ. உள்ள ஒரு சதுரத்தின் வழியாகத் தரையில் இறங்குகிறது! காற்று 90 பவுண்டாகக் குறைந்தால் அந்தப் பரப்பு சுமார் 475 சதுர சென்டிமீட்டராக விரிய வேண்டும். அதற்கு டயரின் பக்கச்சுவர் கூடுதலாக வளைய வேண்டும்.

வளைந்தால் என்ன ஆகும்?

ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, பலமுறை வேகமாக இழுத்துத் தளர்த்தியபின் உதட்டில் வைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும். ரப்பரை இழுக்கும்போது நாம் கொடுக்கும் ஆற்றல் முழுவதையும், அது சுருங்கும்போது திருப்பித் தருவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி வெப்பமாக உள்ளே தங்கிவிடுகிறது. இதைத் 'தயக்கம்' என்கிறோம்.

லாரி டயரின் சுற்றளவு சுமார் 3.3 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 300 சுற்று. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் நொடிக்கு ஐந்து முறை வளைந்து நிமிர்கிறது. காற்றுக் குறைவு, அதிகச் சுமை, அதிக வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வெப்பம் மிகும், ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் பிரியும், டயர் வெடிக்கும்.

இங்கே ஓட்டுநர்கள் சிலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. காலையில் 27 டிகிரியில் 120 பவுண்டு இருந்த டயர், ஓடிச் சூடாகி உள்காற்று 67 டிகிரியை அடைந்தால் சுமார் 138 பவுண்டு காட்டும். பருமன் மாறாத வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? (கணக்கிடும்போது வளி அழுத்தமான 15 பவுண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.) 'காற்று ஏறிவிட்டது' என்று 120க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் இருப்பது 104தான். ஆறிய டயரில்தான் அழுத்தம் பார்க்க வேண்டும்.

டயரின் மேல் எழுதியிருப்பது

டயரின் பக்கச்சுவரில் '10.00 ஆர் 20, 16 பி.ஆர்., 146/143 கே' என்று இருப்பதாகக் கொள்வோம். 10.00 என்பது டயரின் அகலம், 20 என்பது வளையத்தின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். 'ஆர்' என்றால் ரேடியல். 16 பி.ஆர். அதன் வலிமைத் தரம். 146 என்னும் சுமைக் குறியீட்டுக்கு 3,000 கிலோ. 143க்கு 2,725 கிலோ. 'கே' என்பது மணிக்கு 110 கி.மீ. என்னும் வேக வரம்பு.

ஏன் இரண்டு சுமைகள்? முதலாவது, தனி டயராக முன்னால் ஓடும்போது. இரண்டாவது, பின்னால் ஜோடியாக ஓடும்போது. ஜோடி டயர்கள் சுமையை எப்போதும் சரிபாதியாகப் பங்கிடுவதில்லை; இடையில் சிக்கும் வெப்பமும் எளிதில் வெளியேறாது. அதனால்தான் இந்தக் குறைப்பு.

எடை மேடைக் கணக்கு

சரக்கு லாரி ஒரு வழியில் வெறுமையாகத் திரும்புவதுண்டு. ரிக் வண்டிக்கு அந்த ஓய்வு இல்லை. எந்திரமே சுமை, அதை இறக்கவே முடியாது. மேலும், உயர்ந்து நிற்கும் துளையிடும் கோபுரம் பயணத்தின்போது முன்னால் சாய்ந்து படுத்திருக்கும். எனவே முன் அச்சுக்கும் எடை கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு. எடை மேடையில் முன் அச்சு மட்டும் 5,900 கிலோ காட்டுகிறது. சராசரி 2,950. 3,000 கிலோ டயர் போதும் போலத் தோன்றும். ஆனால் சக்கரம் சக்கரமாக நிறுத்தால் இடப்பக்கம் 2,800, வலப்பக்கம் 3,100! சராசரியை நம்பினால் வலது டயர் ஒவ்வொரு கிலோமீட்டரும் அளவுக்கு மீறிச் சுமக்கும். இங்கே வேண்டியது 3,250 கிலோ தாங்கும் 149 குறியீட்டு டயர். அதற்குரிய காற்றழுத்தத்தை இரு பக்கமும் ஒரே அளவாக வைக்க வேண்டும்; அந்த அழுத்தத்தைச் சக்கரத்தின் வளையமும் தாங்க வேண்டும்.

ஜோடியில் ஒன்று மட்டும் புதிது

பின் ஜோடியில் ஒரு டயர் போய்விட்டது. பழையதன் பக்கத்தில் புதியதைப் போடுகிறோம். இரண்டின் விட்டமும் ஒரு சென்டிமீட்டர் வேறுபடுகிறது. சுற்றளவு 3.14 செ.மீ. வேறுபடும். இரண்டும் ஒரே ஹப்பில் முடுக்கப்பட்டவை. ஒன்றைவிட மற்றொன்று வேகமாகச் சுழல முடியாது. கிலோமீட்டருக்கு 300 சுற்று என்றால் வேறுபாடு ஒன்பது மீட்டருக்கு மேல். அந்தத் தூரம் டயர் உருளாமல் தேய்ந்து இழுபட வேண்டும். அதோடு, பெரிய டயர் தன் பங்குக்கு மேல் சுமக்கும். எனவே ஜோடியை ஒத்த விட்டத்தில் பொருத்த வேண்டும்.

நைலானா, ரேடியலா?

லாரிக்காரர்கள் 'நைலான் டயர்' என்று சொல்வதில் இழைகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும். அதன் தடித்த பக்கச்சுவர் கல்லையும் முள்ளையும் தாங்கும். ரேடியலில் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும். பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கும். அது குறைவாகச் சூடாகும், மெதுவாகத் தேயும். காட்டு வழியில் அதிகம் புழங்கும் வண்டிக்கு முன்னது, நெடுஞ்சாலையில் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் வண்டிக்குப் பின்னது பொருந்தும். ஆனால் ஒரே அச்சில் இரண்டையும் கலக்கவே கூடாது.

மாணவனுக்குச் சொன்ன விடை

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மறுநாள் டயரில் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்து வரச் சொன்னேன். '1913' என்று எழுதி வந்தான். அதாவது, 2013ஆம் ஆண்டின் 19ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர்! வயது பத்தைத் தாண்டிவிட்டது.

ரிக் வண்டி போர் போடும்போது ஜாக்கியின் மேல் நிற்கிறது. மழைக்காலத்தில் பல நாள் சும்மா நிற்கிறது. பட்டன் தேயவில்லை. ஆனால் ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் ரப்பரைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. மேசை அறையில் பல ஆண்டு கிடந்த ரப்பர் பேண்டை இழுத்துப் பாருங்கள், நீளாமல் அறுந்துபோகும். அது யார் கையிலும் தேயவில்லையே!

"கடைக்காரர் ஏமாற்றவில்லை," என்றேன். "பத்து ஆண்டு கடந்த டயரை, பட்டன் இருந்தாலும் மாற்றும்படி டயர் நிறுவனங்கள் பலவும் சொல்கின்றன. பணம் ஒரே நேரத்தில் புரளாவிட்டால் முன் இரண்டையும் முதலில் மாற்றச் சொல். ஆனால் மற்ற எட்டையும் மாற்றும்வரை வண்டி நெடுந்தூரம் போக வேண்டாம்."

முன்னால் ஏன் முதலில்? பின்னால் ஒன்று வெடித்தால் பக்கத்தில் துணை உண்டு. முன்னால் வெடித்தால் துணை இல்லை. ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். ரீட்ரெடிங் செய்த டயரை முன்னால் போடாததும் இதனால்தான். புது டயர் வாங்கும்போதும் அந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். கடையில் கிடந்த காலமும் டயரின் வயதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்: சைக்கிளின் பின்சக்கரத்தில் மை தடவி, ஒருவர் ஏறி அமர்ந்ததும் காகிதத்தின் மேல் இறக்கி, பதிந்த பரப்பை அளவிடுங்கள். அதைக் காற்றழுத்தத்தால் பெருக்கினால், அந்தச் சக்கரம் சுமக்கும் எடை தோராயமாகக் கிடைக்கும். காற்றைச் சற்றுக் குறைத்து மீண்டும் அளந்து பாருங்கள். பரப்பு எவ்வளவு கூடியது?